மூன்று முறை போர்த்திய அங்கி

2015 நவம்பர் 19, வியாழக்கிழமை. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஆண்கள் சிறைக் காலனியின் அரங்கில், நான்கு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சி நாடகம் ஒன்றின் கடைசிக் காட்சி படமாக்கப்பட்டது. அந்தக் காட்சியில், கொலையுண்டவனின் தாய்க்குக் கொன்றவனின் தந்தை அங்கி போர்த்துகிறார்.

கூட்டமாக உட்கார ஆட்கள் தேவைப்பட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேருந்துகளில் பெண்களையும் கிழவர்களையும் ஏற்றி வந்தார்கள். நன்னடத்தைக் கைதிகளின் உறவினர்கள் சிலரையும் காலனி நிர்வாகம் அழைத்திருந்தது. கைதிகளை மேடைக்கு முன்னால் பெஞ்சுகளில் உட்கார வைத்தார்கள். அவர்கள் கைதிகளாகவே நடித்தார்கள்.

பேருந்தில் வந்தவர்களில் ஆயிம்கானும் ஒருத்தி. வயது ஐம்பத்தேழு. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவளை அழைத்து வந்தது பக்கத்து வீட்டு புருல். ஆனால் பேருந்து கிளம்புவதற்கு முன் புருலே அவளைத் தடுக்கவும் பார்த்தாள்.

"எந்தக் காலனின்னு இப்பதான் சொன்னாங்க. அவன் அங்கதானே இருக்கான்? நீ இறங்கிடு."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏறினே?"

"பாக்கணும்."

"எதை?"

"எப்படி இருக்கான்னு."

புருல் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். பிறகு, "மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டு வந்தேன்னா உன்னையும் கைதின்னு உள்ளயே வெச்சுக்குவாங்க" என்றாள்.

"வெச்சுக்கட்டும். சமைக்க வேண்டியதில்ல."

அவன் என்று அவர்கள் சொன்னது தாலாயை. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண விருந்து முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில், பின்னால் எடுத்த கார் ஒன்று இன்னொரு காரில் இடித்தது. விளக்கு உடைந்தது. இடித்த காரில் இருந்தவன் ஆயிம்கானின் மகன் எர்மெக். விளக்கு உடைந்த காரில் இருந்தவன் தாலாய், அப்போது இருபது வயது. டிக்கியிலிருந்து எடுத்த இரும்புக் கம்பியால் தாலாய் ஒரே ஒரு அடிதான் அடித்தான். எர்மெக் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான். தண்டனை பன்னிரண்டு ஆண்டுகள்.

தாலாயின் தந்தை ஒமுர்சாக், பழைய கூட்டுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர், வழக்கப்படி குதிரையும் அங்கியும் கொண்டுபோனார். குதிரையை வாசலில் கட்ட வேண்டும், உள்ளே போய்த் தலை குனிந்து அங்கியைப் போர்த்த வேண்டும். போர்த்த அனுமதித்தால் மன்னிப்பு. உதறினால் இல்லை. பிறகு அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆயிம்கான் கதவையே திறக்கவில்லை. நாற்பதாம் நாள் போனார், வருஷத் திவசத்துக்குப் போனார், அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்தும் போனார். மூன்று தடவையும் குதிரை சாயங்காலம் வரை வாசலில் நின்றது. கடைசித் தடவை, தெருவில் சாணி கிடக்கிறது என்று எதிர்வீட்டுக்காரர் ஊர் நிர்வாகத்தில் புகார் கொடுத்தார்.

தாலாயின் முன்விடுதலை மனு ஜனவரியில் விசாரணைக்கு வர இருந்தது. நன்னடத்தைச் சான்று இருந்தது. காலனியின் தச்சுப் பட்டறையில் வேலை செய்த சான்றும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: பாதிக்கப்பட்ட குடும்பத்தின் சமரசம். அது இல்லாமல் அந்த மாவட்டத்தில் கொலை வழக்குக் கைதி யாரும் முன்னதாக வெளியே வந்ததில்லை.

இதெல்லாம் இயக்குநர் எர்னிஸுக்குத் தெரியாது. அவர் தலைநகரத்துக்காரர். நாற்பது வயது, எதையும் மெதுவாகப் பேசுகிறவர். கதை எழுதிக் கொடுத்தவர்கள் முதலில் தாய் மன்னிக்காமல் திரும்பிப் போவதாகத்தான் எழுதியிருந்தார்கள். சேனல் ஒப்புக்கொள்ளவில்லை. இடம் கொடுத்த சிறை நிர்வாகமும் ஒப்புக்கொள்ளவில்லை. எர்னிஸ் ஒரு வாரம் வாதாடிப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தார்.

மதியம் மூன்று மணிக்குப் பனி கொட்ட ஆரம்பித்தது. தாயாக நடித்த நடிகைக்கு அன்று மாலை பிஷ்கெக்கில் மேடை நாடகம் இருந்தது. தந்தையாக நடித்தவரும் அதே நாடகத்தில்தான். சாலை மூடிவிடும் என்று ஓட்டுநர் அவசரப்படுத்தி இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார். முகம் தெரிகிற ஷாட்டுகள் முடிந்திருந்தன. பின்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டிய ஒன்று மட்டும் பாக்கி. தாயின் முதுகு, அதில் விழும் அங்கி, அவளுக்கு எதிரே கைதிகளின் முகங்கள்.

எர்னிஸ் கூட்டத்தைப் பார்த்தபடி பெண்கள் பக்கம் நடந்தார். ஆயிம்கானின் முன் நின்றார். நடிகையின் உயரம், நடிகையின் தோள்.

"எஜே, மேடைக்கு வர முடியுமா? முகம் வேணாம். முதுகு போதும்."

மூத்த பெண்களை எஜே என்று அக்கா முறையில்தான் அங்கே எல்லோரும் அழைப்பார்கள்.

"முதுகுக்கு மேக்கப் உண்டா?" என்றாள் புருல். பின்வரிசை சிரித்தது.

ஆயிம்கான் காலையிலிருந்து ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் மழித்த பின்தலைகள் மட்டும்தான் தெரிந்தன. எது அவன் தலை என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேடையில் நாற்காலி கைதிகளைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அவள் எழுந்து போனாள்.

"நேரா உக்காருங்க. முன்னாடி பாருங்க. என்ன ஆனாலும் திரும்பாதீங்க, நகராதீங்க" என்றார் எர்னிஸ். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பினார். "அங்கி போர்த்த ஒரு பெரியவர் வேணும். கை மட்டும்தான் தெரியும்."

கைதிகளின் உறவினர்களோடு உட்கார்ந்திருந்த ஒமுர்சாக் அதற்குள் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தார்.

"நான் போடறேன்."

"பழக்கமா, அக்சகால்?" என்றார் எர்னிஸ், வயதானவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லால்.

"கொண்டுபோய்ப் பழக்கம்."

எர்னிஸ் சிரித்தார். ஊர்க்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. புருல் எழுந்து நின்று வாயைத் திறந்தாள். உதவி இயக்குநர் அவளைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தான். "அமைதி. உக்காருங்க. கேமரா ஓடுது." புருல் உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தாய் என்று பிற்பாடு பலர் அவளைக் கேட்டார்கள். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன் என்று மட்டும் சொன்னாள்.

ஆயிம்கான் இதையெல்லாம் கவனிக்காமல் பெஞ்சுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது வரிசையில் அவனைக் கண்டுகொண்டாள். நீதிமன்றத்தில் பார்த்தபோது கன்னம் உப்பிய பையனாக இருந்தான். இப்போது கன்னம் ஒட்டி, ஒரு பக்கத்துப் பற்கள் இல்லாமல், நாற்பது வயதுக்காரனைப் போல இருந்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்து விழித்துக்கொண்டிருந்தான்.

அங்கி தோளில் விழுந்தது. கூடவே குதிரை வாடை. காதுக்குப் பின்னால் தாழ்ந்த குரலில் ஒருவர் சொன்னார்:

"ஆயிம்கான், என் மகன் செஞ்ச குத்தத்துக்கு இது. ஏத்துக்க."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று தடவை கேட்ட குரல். அவள் நகரவில்லை.

"நல்லா வந்திருக்கு. விளக்கு கொஞ்சம் ஆடிடுச்சு. இன்னொரு தடவை" என்றார் எர்னிஸ்.

உடைகளைப் பார்த்துக்கொள்கிற பெண் மேடையேறி அங்கியை எடுத்து, மடிப்பைச் சரிசெய்து, மறுபடி ஒமுர்சாக்கின் கையில் கொடுத்தாள். அவர் மறுபடி போர்த்தினார், அதே வார்த்தைகளை மறுபடி சொன்னார். இம்முறை தாலாய் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பெஞ்சின் ஓரத்தில் நின்ற காவலர், முகம் தெரிய வேண்டும் என்று அவன் முதுகில் குத்தினார். "தலைய தூக்குடா, நடிகனே." மூன்றாவது தடவை போர்த்தியபோது அவன் தலை நிமிர்ந்திருந்தது. அவனும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அப்போது கூட்டத்தில் ஒரு கிழவர் இரண்டு கைகளையும் ஏந்தி, வேண்டுதலை முடித்துவைக்கும் "ஓமின்" என்ற சொல்லைச் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார். பக்கத்திலிருந்தவர்களும் தடவிக்கொண்டார்கள். அரங்கம் முழுவதும் கைகள் எழுந்து முகங்களில் இறங்கின. கைதிகளும் செய்தார்கள். பின்னால் நின்ற காவலர்கள் இருவரும் செய்தார்கள்.

"இதை யாரும் எழுதவே இல்லையே" என்றார் எர்னிஸ், தன் ஒளிப்பதிவாளரிடம். எர்னிஸின் கண் கலங்கியிருந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் பாதிப் பேர் ஆயிம்கானின் கையைப் பிடித்து, கடவுள் உனக்குக் கொடுப்பார் என்றார்கள். மீதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"ஏன்டி உதறல?" என்றாள் புருல்.

"நகரக் கூடாதுன்னு சொன்னான்."

"அவன் சொன்னா? அவன் யாரு உனக்கு, மாமனாரா?"



டிசம்பர் முதல் வாரத்தில் ஊர்ப் பெரியவர்களைக் கொண்ட அக்சகால் மன்றம் கூடியது. ஒமுர்சாக் விண்ணப்பித்திருந்தார். சமரசம் நடந்தது என்று மன்றம் எழுதிக் கொடுத்தால் அது நீதிமன்றத்துக்குப் போகும். தலைமை தாங்கியவர் சாதிர், எழுபத்தைந்து வயது, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். ஆயிம்கான் கதவருகே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"குதிரை எங்க?" என்றுதான் சாதிர் ஆரம்பித்தார். "அங்கி மட்டும் போதாது. குதிரை வேணும்."

"இருந்துச்சு. அரங்கத்துக்கு வெளிய கட்டியிருந்தாங்க. படத்துக்குக் கொண்டுவந்தது" என்றார் ஒமுர்சாக்.

"யாரோட குதிரை?"

"படக் கம்பெனியோடது."

"அங்கி?"

"அதுவும்."

"அப்ப மன்னிப்புக் கேட்டது நீயா, படக் கம்பெனியா?"

சிரிப்பு எழுந்தது. ஒமுர்சாக் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"மூணு தடவை என் குதிரையத்தான் கொண்டுபோனேன், சாதிர். என் மனைவி தைச்ச அங்கி. உனக்கே தெரியும். முதல் குதிரைக்கு நீதான் ஊசி போட்டே."

"போட்டேன். நல்ல குதிரை."

"அதை ஏன் வித்தேன்னு கேளு. வக்கீலுக்கு வித்தேன்."

இன்னொரு பெரியவர் குறுக்கிட்டார். அங்கியை மூன்று முறை போர்த்தினார்கள் என்றால் மூன்று முறை கழற்றியிருக்கிறார்கள், கழற்றிய அங்கி உதறிய அங்கிதானே என்றார்.

"கழட்டினது இவ இல்ல. அந்த உடைப் பொண்ணு."

"அப்ப அந்தப் பொண்ணுதான் மன்னிக்கல."

மறுபடியும் சிரித்தார்கள். ஆயிம்கான் எழுந்தாள்.

"நான் மன்னிக்கல. அதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லிட்டேன்."

சாதிர் கண்ணாடியைக் கழற்றினார். "நாங்க உன்னை விரோதியா நினைக்கல, தங்கச்சி. ஆனா உதறலையே நீ. ஊர் முழுக்க ஓமின் சொல்லிருக்கு. நானும் அங்கதான் இருந்தேன், நானும் சொன்னேன். சொன்ன ஓமினை எப்படித் திருப்பி வாங்கறது? ஒரு தரம் முகத்தைத் தடவிட்டா முடிஞ்சுது."

"உங்க முகத்தைத் தடவினீங்க. என் முகத்தை இல்ல."

சாதிர் கை தூக்கச் சொன்னார். கைகளை எண்ணினார்கள். ஐந்து பேரில் மூவர், சமரசம் நடந்தது என்றார்கள். கடிதம் அன்றே எழுதப்பட்டது. ஒமுர்சாக் வெளியே வந்து ஆயிம்கானுக்காக நின்றார். அவள் மற்றொரு வாசல் வழியாகப் போனாள்.

அதற்குப் பிறகு ஊரில் அவளுக்கு நிம்மதி இல்லை. சந்தையில் ரொட்டிக்காரி, உன்னைப் போல மனசு யாருக்கு வரும் என்று ஒரு ரொட்டியைக் கூடுதலாக வைத்தாள். மகள் வழிச் சம்பந்திகள் தொலைபேசியில் வாழ்த்தினார்கள். இறந்த கணவனின் தம்பி ஒருவன் குடித்துவிட்டு வந்து, எங்க வீட்டு ரத்தத்தை ஒரு வாடகை அங்கிக்குக் கொடுத்துட்டியே அண்ணி என்று வாசலில் நின்று கத்தினான். எல்லோரிடமும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: நான் கொடுக்கல. ரொட்டிக்காரியும் நம்பவில்லை, கொழுந்தனும் நம்பவில்லை.

விசாரணை ஜனவரி இறுதியில், அதே காலனியில், அதே அரங்கில் நடந்தது. முன்விடுதலை மனுக்களை நீதிபதி அங்கே வந்துதான் விசாரிப்பது வழக்கம். மேடையில் மேசை போட்டிருந்தார்கள். ஹீட்டர் ஒன்று நீதிபதியின் காலடியில் எரிந்தது. நீதிபதி ஒரு பெண், ஐம்பதை நெருங்கியவர். அவருக்குச் சளி பிடித்திருந்தது. அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

காலையில் ஏழு மனுக்கள் முடிந்திருந்தன. தாலாயின் மனு எட்டாவது. நடத்தைச் சான்றை வாசித்தார்கள். அக்சகால் மன்றத்தின் கடிதத்தை வாசித்தார்கள். அரசு வழக்கறிஞர் ஆட்சேபணை இல்லை என்றார். ஆயிம்கானை எழுப்பிக் கேட்டபோது, சமரசம் இல்லை என்றாள்.

தாலாயின் வக்கீல் இளைஞர், சுறுசுறுப்பானவர். இப்போது இல்லை என்கிறார், உறவினர்கள் நெருக்குகிறார்கள், ஆனால் நவம்பர் 19 அன்று ஏற்றுக்கொண்டார், சாட்சி இருக்கிறது என்றார். மடிக்கணினியை நீதிபதியின் பக்கம் திருப்பினார். எர்னிஸ் கொடுத்த காட்சி அது. கேட்டதும் எர்னிஸ் கொடுத்துவிட்டார். அந்த நாளில் என்ன நடந்தது என்பது அவருக்கு ஜனவரியில்தான் தெரிந்தது. இப்போது சாட்சிகளுக்கான பெஞ்சில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரையில் ஒரு பெண்ணின் முதுகு. அங்கி விழுகிறது. முதுகு அசையவில்லை. ஓமின் என்ற சத்தம்.

நீதிபதி அதை இரண்டு முறை பார்த்தார்.

"முதுகுதான் தெரியுது."

"உதறல, மேடம். அதுதான் முக்கியம்" என்றார் வக்கீல்.

"குளிருக்கு அங்கி போட்டா நானும் உதற மாட்டேன்." நீதிபதி எர்னிஸைப் பார்த்தார். "இவங்க முகத்தை எடுத்தீங்களா?"

"இல்ல. படத்துல வர்றது நடிகையோட முகம்."

"நடிகை என்ன பண்றாங்க?"

"அழறாங்க."

"நல்லா அழறாங்களா?"

எர்னிஸ் தொப்பியைப் பார்த்தார். "ரொம்ப நல்லா."

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தார். எதிரே தெரிகிற முகங்களில் ஒன்றின் மேல் விரலை வைத்தார். பிறகு கம்பித் தடுப்புக்குள் நின்ற தாலாயைப் பார்த்தார்.

"இது நீதானே?"

"ஆமா."

"எதிரே உக்காந்திருக்கே. அப்ப இவங்க முகத்தைப் பாத்தவன் நீ. எப்படி இருந்துச்சு?"

வக்கீல் எழுந்தார். மனுதாரரையே இப்படிக் கேட்பது முறையல்ல என்றார். வேறு கைதியை வரவழைக்கலாம் என்றார். வரவழைக்கலாம், ஆனால் இவன் சொல்வதையும் கேட்கிறேன் என்றார் நீதிபதி. ஒமுர்சாக் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து மகனைப் பார்த்தார். தாலாய் தந்தையின் பக்கம் திரும்பவில்லை.

"அபா என்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க" என்றான். தாய் வயதுப் பெண்ணை அபா, அதாவது அம்மா என்றுதான் அழைக்க வேண்டும்.  தொடர்ந்து சொன்னான். "சந்தையில குதிரையப் பாப்பாங்கல்ல, வாங்கப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டு, அப்புறமும் நின்னு பல்லைப் பாப்பாங்க. அப்படிப் பாத்தாங்க."

"அங்கி போர்த்தினப்ப?"

"கடைசித் தடவை வரைக்கும் அதே பார்வைதான்."

"மன்னிச்ச மாதிரி இருந்துச்சா?"

"வாயை மூடு, முட்டாளே" என்றார் ஒமுர்சாக். மகனிடம்தான் சொன்னார். காவலர் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"உன் மனுதான் இது. தெரியுதா?" என்றார் நீதிபதி.

"தெரியும்."

"சொல்லு."

"இல்ல, மேடம். மன்னிச்ச முகம் இல்ல."

வக்கீல் மடிக்கணினியை மூடினார்.  நீதிபதி எதையோ எழுதினார். எழுதி முடித்து, பாதிக்கப்பட்ட தரப்புக்கு வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். சம்பிரதாயமான கேள்வி. கேட்கும்போதே அடுத்த மனுவின் கோப்பை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆயிம்கான் எழுந்தாள்.

"அவன் சொன்னது சரி."

"சரி, உக்காருங்க."

"வெளிய விடறதுன்னா விடுங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல."

வக்கீல் துள்ளி எழுந்தார். "இதைப் பதிவு பண்ணணும், மேடம்." நீதிபதி கோப்பைக் கீழே வைத்தார்.

"அப்ப சமரசம் ஆயிட்டீங்க."

"இல்ல."

"எஜே, ஆட்சேபணை இல்லன்னு சொல்றீங்க."

"அது வேற. இவன் இங்க இருந்தா என் மகன் வரப் போறதில்ல. வெளிய போனாலும் வரப் போறதில்ல. அஞ்சு வருஷம் கூட இருந்து என்ன ஆகப் போகுது? பல்லு இன்னும் நாலு போகும். விடுங்க. ஆனா நான் மன்னிச்சேன்னு எழுதாதீங்க. ஊர்ல எல்லாரும் எழுதிட்டாங்க. டிவிலயும் வரப் போகுது. எங்கயாவது ஒரு இடத்துல இல்லன்னு இருக்கட்டும்."

நீதிபதி பேனாவை மேசையில் வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

"சட்டத்துல ரெண்டுதான் இருக்கு. சமரசம். சமரசம் இல்ல. நீங்க கேக்கறது மூணாவது. அது இல்ல."

"அது சட்டத்தோட கஷ்டம்."

"இல்ல, எஜே. அவனோட கஷ்டம்." நீதிபதி கம்பித் தடுப்பைக் காட்டினார். "இல்லன்னு நான் எழுதினா மனு தள்ளுபடி. ஆமான்னு எழுதினா இன்னிக்குச் சாயங்காலம் அவன் வீட்டுல இருப்பான். நீங்கதான் சொல்லணும். ஒரே வார்த்தை."

ஒமுர்சாக் காவலரின் கையைத் தள்ளிவிட்டு நடைபாதைக்கு வந்து மண்டியிட்டார். எழுபது வயதுக்காரர். முழங்கால் சட்டென்று மடங்கவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றித்தான் இறங்கினார்.

"ஆயிம்கான். வெறும் வார்த்தைதானே. மனசுல என்ன வேணா வெச்சுக்க. என்னைத் திட்டு. வார்த்தைய மட்டும் கொடு."

"எழுந்திருங்க, பைக்கே." அண்ணன் முறையில்தான் அழைத்தாள். "மூணு தடவை என் வாசல்ல முன்னாடி நின்னீங்க. நாலாவது தடவை ஏன் முதுகுக்குப் பின்னாடி வந்தீங்க?"

"நீ கதவைத் திறக்கலையே."

"ஆமா, திறக்கல."

"திறந்திருப்பியா? இன்னொரு தடவை வந்திருந்தா?"

அவள் அவர் தரையில் ஊன்றியிருந்த கையைப் பார்த்தாள். நீதிபதி அவசரப்படுத்தவில்லை.

"தெரியல" என்றாள்.

பிறகு அவள் தாலாயைப் பார்த்தாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையில் தச்சுப் பசையின் கறை. அவன் எதையும் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"என்ன எழுதட்டும்?" என்றார் நீதிபதி.

"வெளிய விடுங்கன்னு எழுதுங்க."

"அது முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"அப்ப இல்லன்னு எழுதுங்க."

நீதிபதி எழுதினார். காவலர்கள் இருவர் ஒமுர்சாக்கைத் தூக்கி நிறுத்தினார்கள். தாலாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பதாவது மனுவுக்கான கைதியைக் கூப்பிட்டார்கள்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் எர்னிஸ் ஆயிம்கானிடம் வந்தார். அந்தக் கடைசி ஷாட்டை வெட்டிவிடச் சொல்கிறேன் என்றார். சேனல் ஒப்புக்கொள்ளுமா என்று அவள் கேட்டாள். கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அவர் கேட்டார். சேனல் ஒப்புக்கொள்ளவில்லை.

நாடகம் மார்ச் மாதம் நான்கு இரவுகளில் ஒளிபரப்பானது. கடைசிப் பகுதியில் முதுகு தெரிகிற காட்சி முழுமையாக இருந்தது, ஓமினும் இருந்தது. ஊரில் அனேகமாக எல்லோரும் பார்த்தார்கள். ஆயிம்கான் பார்க்கவில்லை. மேல்முறையீடு ஏப்ரலில் தள்ளுபடி செய்யப்பட்டது. ஒமுர்சாக் 2019 குளிர்காலத்தில் இறந்தார். இறுதிச் சடங்குக்கு மகனை அனுமதிக்கவில்லை. தாலாய் தண்டனையின் பன்னிரண்டு ஆண்டுகளையும் முடித்து 2021 ஆகஸ்டில் வெளியே வந்தான். செப்டம்பரில் கட்டட வேலைக்கு ரஷ்யா போனான்.